கூட்டின் மறுபாதி

2024 ஆகஸ்ட் 14, புதன்கிழமை. சுபுஹு தொழுதுவிட்டு, கெடிலம் பாலம் வரை நடந்து, பால் வாங்கிக்கொண்டு ஆறே முக்காலுக்கு வீடு திரும்பினேன். ஏழரைக்கு இட்லி. எட்டு மணிக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஜன்னலோரம் ஒரு வெள்ளைக் கிண்ணத்தின் முன் உட்கார்ந்தேன். நான்கு நாளாக அதுதான் என் காலை வேலை.

கிண்ணத்தில் இருந்தது குருவிக் கூடு. மலேசியாவில் இருக்கும் என் மச்சான், என் மகளுக்காக ஒரு டப்பா அனுப்பியிருந்தார். அங்கே ஒருவகைக் குருவி தன் எச்சிலாலேயே கூடு கட்டும். அதைக் கற்கண்டு போட்டு ஆவியில் வேகவைத்துப் பிள்ளைத்தாய்ச்சிக்குக் கொடுப்பார்கள். மகளைச் சிதம்பரத்தில் கட்டிக்கொடுத்திருந்தோம். முதல் இரண்டு கருவும் ஐந்தாம் மாதத்தில் போய்விட்டன. இது ஏழாம் மாதம். எங்களிடம் வந்து படுத்தே கிடந்தாள். வீட்டில் யாரும் கதவைக்கூட வேகமாகச் சாத்துவதில்லை.

சுத்தம் செய்யாமல் வருவதுதான் அசல் கூடு என்பது மச்சானின் கட்சி. ஆகவே இறகோடு வந்தது. இரவே ஊறப்போட்டால் காலையில் கண்ணாடி இழைபோலப் பிரியும். இறகுகளைச் சாமணத்தால் ஒவ்வொன்றாக எடுக்க வேண்டும்.

"ஏங்க, நீங்க பொறுக்கி முடிக்கறதுக்குள்ள பேரப்புள்ள காலேஜ் போயிடும்" என்றாள் மனைவி.

ஒரு கூட்டை இரண்டு நாளைக்கு வைத்துக்கொள்வோம். அன்று இரண்டாவது கூட்டின் மறுபாதி. எட்டரைக்குச் சாமணத்தில் ஏதோ இழுபட்டது. இறகு என்றுதான் நினைத்தேன். வெள்ளைத் தாளில் வைத்துப் பார்த்தேன். சீரகத்தைவிடச் சற்றுப் பெரியது. நான்கு விரல், நான்கு நகம். குஞ்சின் கால்.

ஒரு கால்தான் இருந்தது. மீதியை இழை இழையாகப் பிரித்துப் பார்த்தேன். வேறு எதுவும் இல்லை. அப்படியானால் மற்றது முந்தைய நாள் பாதியில் இருந்திருக்க வேண்டும். அதைப் பொறுக்கியதும் நான்தான். மகள் அதைக் கடைசிச் சொட்டுவரை குடித்திருந்தாள்.

தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்தேன். என்ன செய்வது என்று தெரியாமல் நிற்கும்போதே மனைவி வந்து கிண்ணத்தை எடுத்துப்போய் அடுப்பில் ஏற்றிவிட்டாள். பத்து மணிக்கு அறையிலிருந்து மகள் கூப்பிட்டாள்.

"அத்தா, காலையிலேர்ந்து புள்ள அசையவே இல்லத்தா."

டாக்டரம்மாவுக்குப் போன் செய்தேன். இனிப்பாக ஏதாவது குடிக்கட்டும், இடது பக்கம் படுக்கட்டும், இரண்டு மணி நேரம் எண்ணுங்கள், பத்து அசைவுக்குக் குறைந்தால் உடனே கூட்டிவாருங்கள் என்றார். மனைவி அடுப்பிலிருந்ததை இறக்கினாள்.

"வேற எதுனா குடு. ஜூஸ் குடு."

"ஏன் வேற? எந்தம்பி கடல் தாண்டி அனுப்பிச்சது இதுக்குத்தான?"

காரணம் சொன்னால் மகள் காதில் விழும். அவள் குடித்தாள். நான் கைக்கடிகாரத்தைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பத்து ஐம்பதுவரை ஒன்றுமில்லை. மனைவி வாய்க்குள் ஓதிக்கொண்டிருந்தாள்.

பத்து ஐம்பத்திரண்டுக்கு மகள் கண்ணைத் திறந்தாள்.

"ஒதைக்கலத்தா. கீறுது."

"என்னம்மா சொல்ற?"

"சின்ன நகத்தால கீறுற மாதிரி. இங்க... இப்ப இங்க." சிரித்தாள். நான்கு நாளில் அன்றுதான் சிரித்தாள்.

"மாமன் மருந்து வேல செய்யுதுடி!" மனைவி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். "ஒங்கத்தாவ பாரு, பேயடிச்ச மாதிரி ஒக்காந்திருக்காரு."

பதினொன்றரைக்குள் பத்து அசைவு. பத்துக்கும் நேரம் குறித்தேன். மாலை ஆஸ்பத்திரியிலும் பிள்ளையின் இதயத்துடிப்பு நன்றாக இருக்கிறது என்றார்கள். சட்டைப்பையில் இருந்ததை முருங்கையடியில் புதைத்தேன். டைரியில் எல்லாவற்றையும் எழுதினேன், அதை மட்டும் எழுதவில்லை.

படுக்கப்போகுமுன் மகள் சொன்னாள்: "நாளைக்கும் வேணும்த்தா. அத நிறுத்தினா புள்ள நின்னுடுமோன்னு பயமா இருக்கு."

அன்றிரவு டப்பாவைத் திறக்கக் கை வரவில்லை. மறுநாள், பாங்கு சொல்வதற்கு முன்பே எழுந்து, முதல் வேலையாக மூன்றாவது கூட்டைத் தண்ணீரில் போட்டேன்.