புளியந்தோப்பு முகவரிக்காரர்

ஒரு மருத்துவமனையின் காப்பீட்டு உதவி மேசையில் வேலை செய்கிறேன். எங்கள் வீட்டில் அரசாணையைப் படித்து விளக்கக்கூடிய முதல் ஆள் நான்தான்.

என் மேசைக்கு அடிக்கடி வரும் ஒருவர், துறைமுகத்தில் சுமை தூக்குபவர். டயாலிசிஸுக்கு வரும் மனைவிக்கு எக்ஸ்ரே உறையால் விசிறிக்கொண்டேதான் பேசுவார். குடியிருப்பது எங்கள் மருத்துவமனைக்குப் பக்கத்தில், காலடிப்பேட்டையில். ஆனால் அம்மா வீட்டுக்குப் பதிலாகக் குடிசை மாற்று வாரியம் கட்டித்தரும் வீட்டில் பங்கு போய்விடுமென்று, காப்பீட்டு கார்டில் புளியந்தோப்பிலுள்ள அம்மா வீட்டு முகவரியையே வைத்திருந்தார். புதிய விதியோ மருத்துவமனைகளை வட்டாரவாரியாக இணைத்து, முகவரிப்படிதான் சிகிச்சை என்றது.

“இனிமே புளியந்தோப்பு பக்கத்து ஆஸ்பத்திரிக்குத்தாண்ணே போகணும். அட்ரஸ் மாத்த நாளாகும்.”

“நல்லாக்கீதே! அவ கிட்னி இன்னா குப்பையா, ஏரியா பிரிச்சு அள்றதுக்கு?”

“இன்னாய்யா சொல்லுது அந்தப் பொண்ணு?” என்று மனைவி மூச்சு வாங்கக் கேட்டார்.

“அங்க இத்தவிடப் பெரிய டாக்டரு கீறாராம்,” என்று சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார்.

“ஆமாம்மா,” என்றேன். அந்த மருத்துவமனையின் வாசலைக்கூட நான் பார்த்ததில்லை.

மனைவியை ஷேர் ஆட்டோவில் உட்காரவைத்துவிட்டு, அவர் மட்டும் திரும்பி வந்தார். “மெய்யாலுமே பெரிய டாக்டராம்மா?” என்று மெதுவாகக் கேட்டார்.

அந்த டாக்டரை உண்டாக்கியவரே அவர்தான். அதை என்னிடம் ஏன் கேட்டார் என்று இன்னும் யோசிக்கிறேன்.