சூளை வேகட்டும் என்றவர்

சூசைநாதன் சிங்கப்பூரில் என்னோடு கிராஞ்சி விடுதியில் தங்கிக் கட்டட வேலை பார்க்கிறார். வயது நாற்பத்தொன்று. இளையான்குடிப் பக்கத்தில் அவர் குடும்பமே கையால் செங்கல் அறுக்கிற குடும்பம்.

காய்ந்த கல்லைச் சூளையாக அடுக்கித் தீ வைத்தால் மூன்று நாள் விடாமல் விறகு தள்ள வேண்டும். நடுவில் விட்டால் கல் வேகாது, மழையில் கரைந்துவிடும். நான்கு மாத உழைப்பு மண்ணாகும்.

போன மே மாதம், தீ வைத்த இரண்டாம் நாள் காலை, தம்பி லூர்து ஊரிலிருந்து போனில் கூப்பிட்டான். சூசைநாதன் வேலைக்குப் போகும் லாரியில் இருந்தார்.

"அண்ணே, அப்பாவுக்கு நெஞ்சு வலிக்குதாம். ஆஸ்பத்திரிக்குக் கூப்ட்டா நெருப்ப விட்டு வரமாட்டேங்குறாரு. நீ சொல்லு."

அப்பா போனை வாங்கினார். "சூளை வாசல்ல நின்னா நெஞ்சு எரியத்தான்டா செய்யும். சிங்கப்பூர் போயி மறந்துட்டியா?"

சூசைநாதன் சிரித்தார். அவருக்கும் அங்கே நின்று எரிந்திருக்கிறது. "சரிப்பா, மோரு குடிங்க. சூளை வேகட்டும், நாளைக்குப் போங்க."

வந்தது மாரடைப்பு. பெரிய ஆஸ்பத்திரி முப்பது கிலோமீட்டரில் இருந்தது, போயிருக்கலாம். சாயங்காலமே அப்பா இறந்தார்.

அண்ணன் சொன்னதை லூர்து இன்றுவரை அம்மாவிடம் சொல்லவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை, லீவு நாளில் தமிழர்கள் கூடும் பஃபலோ ரோட்டில் சூசைநாதன் என்னோடு நின்றிருந்தபோது அம்மா போனில் கூப்பிட்டார்.

"சின்னவனுக்கு வெவரம் பத்தல அய்யா. நீ இங்க இருந்திருந்தா அப்பாவ அப்பவே தூக்கிட்டுப் போயிருப்ப."

சூசைநாதன் "ஆமாம்மா" என்றார்.