அண்ணன் செய்த பின்விளக்குகள்

எங்கள் அண்ணன் கண்மூடி ஓராண்டு ஆகிறது. நினைவு நாளுக்கு வரும் சொந்தங்கள் கையில் அச்சடித்துக் கொடுக்கும் மலரில் அவரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுது என்றார் அண்ணி. அப்படியென்றால் அந்தப் பின்விளக்குகளைப் பற்றித்தான் எழுத வேண்டும். அதை விட்டுவிட்டு வேறு எதை எழுதினாலும் அண்ணனே ஒப்புக்கொள்ள மாட்டார்.

சோரியாங்குப்பத்தில் நெல்லும் கரும்பும் பயிரிட்ட வீட்டில் மூத்தவராகப் பிறந்தார். அப்பா சீக்கிரம் போய்விட்டார். நிலம் பங்காளிகள் கைக்குப் போனது. அண்ணன் மோட்டார் வேலை கற்றுக்கொண்டு, தவளக்குப்பம் கூட்டு ரோட்டில் சின்னதாக ஒரு பட்டறை போட்டார். என்னைப் படிக்க வைத்ததும் அந்தப் பட்டறைதான். அவருக்குக் கோபமே வராது. அவருக்கும் சேர்த்து எனக்கு வரும்.

புதுச்சேரியில் பிரெஞ்சுக் கொடி இறங்கியபின் கப்பலேறிப்போன ஒரு துரையின் பழைய காரை, பாகூர் மிராசுதார் ஒருவர் வாங்கி மாட்டுக்கொட்டகையில் போட்டு வைத்திருந்தார். மகள் கல்யாணத்தில் மாப்பிள்ளை அழைப்புக்கு அது ஓட வேண்டும் என்று அண்ணனிடம் ஒப்படைத்தார். எஞ்சின் ஓடத் தொடங்கிவிட்டது. பின்விளக்குகள்தான் இரண்டும் நொறுங்கிக் கிடந்தன. பிரான்சிலிருந்து சாமான் வருவதும் நின்றுபோயிருந்தது. அண்ணன் இரண்டு பித்தளைச் சொம்புகளை அறுத்து விளக்குக்கூடு செய்தார். அவற்றின் வாய்க்குச் சாதாரணக் கண்ணாடியை வெட்டிப் பொருத்தினார். சிவப்புக் கண்ணாடி எங்கும் அகப்படவில்லை, முகூர்த்தமும் நெருங்கிவிட்டது. திருவிழாவில் சாமி புறப்பாட்டின்போது விளக்குகளைச் சுற்றிக் கட்டுவோமே சிவப்புக் கண்ணாடித்தாள், அதையே மடித்து உள்பக்கம் ஒட்டிவிட்டார். பட்டறையில் ஏற்றிப் பார்த்தபோது மாதுளை முத்துப் போல எரிந்தது. நான்கூடக் கைதட்டினேன்.

சாமி புறப்பாட்டில் அந்தத் தாள் விளக்கிலிருந்து தள்ளி, காற்றாட இருக்கும். சொம்புக்குள் காற்று ஏது? மாப்பிள்ளை அழைப்பு அன்று பொழுது சாய்ந்த நேரம், மேளக்காரர்கள் வரட்டும் என்று கார் ஊருக்கு வெளியே நின்றிருந்தது. சூட்டில் தாள் பொசுங்கி உதிர்ந்து, பின்பக்கம் வெள்ளை வெளிச்சம் அடித்தது. மீன் விற்றுவிட்டுக் காருக்குப் பின்னாலிருந்து சைக்கிளில் தன் ஊரான நல்லவாட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்த கலியன், ஏதோ வண்டி தன் மேலேயே நேராக வருகிறது என்று நினைத்துச் சைக்கிளை ஒடித்தார். மதகுக்குக் கீழே விழுந்தவருக்கு இடதுகால் அதன்பின் தேறவே இல்லை.

"நீ இன்னாத்துக்கு வாயத் தொறக்கற? சாராயத்துல வுழுந்தான்னு ஊரே சொல்லிட்டுப் போவுது, வுடு," என்றார் மிராசுதார். அண்ணன் நேரே நல்லவாட்டுக்குப் போனார். நானும் கூடப் போனேன்.

"கலியா, உன்னத் தள்ளுனது என் வெளக்குதான். ஒட்டுன தாளு பொசுங்கிப் போச்சி. யாரு இன்னா சொன்னாலும் நம்பாத," என்றார் அண்ணன்.

கலியன் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். "இந்த ஆள எழுந்து போவச் சொல்லு," என்று மனைவியிடம் சொன்னார்.

பிறகும் அண்ணன் போய்க்கொண்டேதான் இருந்தார். கொண்டுபோன நெல் அப்படியே திரும்பி வந்தது. மீன்கூடை கலியன் மனைவியின் தலைக்கு ஏறியது. அந்த அம்மாள் பட்டறை வழியாகப் போகும்போதெல்லாம், அண்ணன் கை வேலையை வைத்துவிட்டு எழுந்து நிற்பார். எனக்கோ ஆத்திரம். வீடு தேடி வந்து உண்மையைச் சொன்ன மனுஷனுக்கு முகம்கூடக் கொடுக்கக் கூடாதா என்று கத்தினேன்.

"கால் போனது அவனுக்கு. நீ இன்னாத்துக்குக் கத்தற?" என்றார் அண்ணன்.

வில்லியனூரில் பழைய இரும்புக்கடை ஒன்றில், உடைந்த ரயில் விளக்கின் சிவப்புக் கண்ணாடி அவருக்குக் கிடைத்தது. அதை அறுத்துத் தேய்த்து, புதிதாக இரண்டு விளக்குகள் செய்து மிராசுதார் காரில் மாட்டினார். அவற்றை ஏற்றி வைத்துவிட்டுப் பகலெல்லாம் எதிரே உட்கார்ந்திருந்தார். அதற்குப் பிறகு எந்த வண்டியையும், பின்னால் போய் நின்று பார்க்காமல் அவர் அனுப்பியதில்லை.

காமாலை முற்றிப் புதுச்சேரி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, நினைவு வரும்போதெல்லாம் ஒன்றைத்தான் கேட்டார்: "பின்னாடி செவப்பா தெரியுதா பாரு." தெரிகிறது அண்ணா என்று ஒவ்வொரு முறையும் சொன்னேன். நான் சொன்னது அவருக்குப் போதவில்லை.

அண்ணனைக் கவனித்துக்கொண்ட டாக்டருக்கும் நர்சம்மாக்களுக்கும், பந்தல் போட்டுப் பசியாற்றிய தெருவாருக்கும் நன்றி. மிராசுதார்மேல் எனக்கு இன்னும் வருத்தம் உண்டு. ஆனாலும் உடலைக் கொண்டுவர அந்தக் காரையே அனுப்பினாரே, அதற்காக அவருக்கும் நன்றி.

கார் தவளக்குப்பத்துக்கு வந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. கூட்டு ரோட்டில் கோலூன்றி நின்றிருந்த கலியன் கைகாட்டி நிறுத்தினார். எங்கள் யாரையும் பார்க்கவில்லை. காருக்குப் பின்னால் போய்க் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு நொண்டி நொண்டி ஜன்னல் பக்கம் வந்து, அண்ணன் முகத்தருகே குனிந்தார்.

"செவப்பாத்தான் தெரியுதுப்பா. நீ போ," என்றார்.

கலியன் அவர்களுக்கு எங்கள் குடும்பத்தின் நன்றி.