படகு எண் இல்லாத மனு

சென்னையில் எம்.ஏ. சேர்ந்த முதல் மாதம் வகுப்பில் நான் வாயே திறக்கவில்லை. மற்றவர்கள் பேசியது தமிழ்தான், எனக்குத்தான் பிடிபடவில்லை. ஜெகதாப்பட்டினத்தில் மீனவக் குடும்பத்தில் வளர்ந்தவளுக்குச் சொல்லாடல் என்றால் என்னவென்று யார் சொல்லியிருப்பார்கள்? ஒரு நோட்டில் குறித்துக்கொண்டேன்: சொல்லாடல், விளிம்புநிலை, கட்டுடைப்பு. ஒருநாள் துணிந்து மூன்றையும் ஒரே வாக்கியத்தில் போட்டேன். பேராசிரியர் தலையாட்டினார். அர்த்தம் யாரும் கேட்கவில்லை. வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்று சும்மாவா சொன்னார்கள். அடுத்த வருடம் ஜூனியர்கள் என் பேச்சைக் குறிப்பெடுத்தார்கள். அதில் பாதி எனக்கே புரியாது.

அந்த வருட விடுமுறைக்கு ஊருக்கு வந்திருந்தேன். எல்லை தாண்டியதாகச் சொல்லி, மீன் பிடிக்கப் போன அண்ணனையும் அதே விசைப்படகில் போன மூன்று பேரையும் பிடித்து இலங்கையில் சிறை வைத்துவிட்டார்கள். இப்படி நடந்தால் எங்கள் ஊரில் கலெக்டருக்கு மனு கொடுப்பார்கள். ஜெராக்ஸ் கடைக்காரர் டைப் அடித்துத் தருவார். பெயர், அப்பா பெயர், படகு எண், கடலுக்குப் போன தேதி. முக்கால் பக்கம் வரும்.

"அவரு எதுக்கு? நீ பெரிய படிப்பு படிக்கிறவ, நீயே எழுதிரு" என்றார் அண்ணி.

எழுதினேன். கடல் எல்லை என்பது அதிகாரம் கட்டமைத்த சொல்லாடல் என்று ஆரம்பித்து, விளிம்புநிலை வாழ்வாதாரம் வரைக்கும் இரண்டு பக்கம். வகுப்பில் கொடுத்திருந்தால் நல்ல மார்க் விழுந்திருக்கும்.

திங்கட்கிழமை புதுக்கோட்டை கலெக்டர் ஆபீசில் குறைதீர் கூட்டம். அண்ணியோடு போனேன். மனு வாங்கியவர் இரண்டு பக்கத்தையும் பொறுமையாகப் படித்தார்.

"நல்லாத்தாம்மா எழுதிருக்கீங்க. போட் நம்பர் எங்க? ஆளுக பேரு எங்க? இதை வச்சு யார விடச் சொல்லிக் கேக்குறது? நாலு பேரு ஆதார் ஜெராக்ஸும் சேத்து, புதுசா எழுதி அடுத்த வாரம் கொண்டாங்க."

அதே நாளில் பிடிபட்ட இன்னொரு படகின் ஆட்கள் ஜெராக்ஸ் கடை மனுவோடு வந்திருந்தார்கள். அவர்களுடையதை அப்போதே வாங்கிக்கொண்டார்கள். என்னால் அண்ணனுக்கு ஒரு வாரம் போயிற்று. எனக்கு அவமானமாக இருந்தது.

ஊருக்குத் திரும்பும் பஸ்ஸில், மீமிசல் தாண்டும் வரைக்கும் அண்ணி அந்த இரண்டு பக்கத்தையும் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு வந்தார்.

"எம்மேல கோவமா அண்ணி?" என்று கேட்டேன்.

"கோவமெல்லாம் இல்ல. நேத்தே ரெண்டு தடவ படிச்சுப் பாத்தேன். ஒங்க அண்ணன் பேரு எங்கயுமே வரல. பெரிய படிப்புல ஆளு பேரெல்லாம் எழுதமாட்டாக போலன்னு நெனச்சுக்கிட்டேன்."