அக்கா குழந்தைக்கு ஒரு நிப்பிள்

2006 நவம்பர். விடாமல் மழை கொட்டிக்கொண்டிருந்த ஒரு வாரம். அக்காவும் அவள் கணவரும் பெருங்களத்தூரில் ஒரு புது அபார்ட்மென்டில் குடியிருந்தார்கள். அக்காவின் கணவரை நான் மாமா என்றுதான் கூப்பிடுவேன். அக்காவுக்குப் பெண் குழந்தை பிறந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. பிரசவத்துக்கு அப்புறம் வந்த காய்ச்சல் இறங்கவே இல்லை. ரத்தத்தில் கிருமி கலந்துவிட்டது என்று சிட்டியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். மாமா அங்கேயே கிடந்தார். எங்களுக்கு அப்பா அம்மா இல்லை. எனக்கு அப்போது கல்யாணமும் ஆகவில்லை. ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டு நான்தான் குழந்தையோடு இருந்தேன்.

குழந்தைக்குப் பிறந்ததிலிருந்தே ரொம்ப மென்மையான தோல். சோப்பு பட்டால் சிவக்கும். டவலால் கொஞ்சம் அழுத்தித் துடைத்தால் தடித்துவிடும். கன்னத்திலும் வாயைச் சுற்றியும் எப்போதும் சொரசொரவென்று சிவப்புத் திட்டுகள். பாட்டில் பாலை முழுசாகக் குடித்துவிடுவாள். வயிறு கும்மென்று இருக்கும். ஆனாலும் வாய் எதையோ தேடும். அவள் எதைத் தேடுகிறாள் என்று எனக்குத் தெரியும், என்னால் கொடுக்கத்தான் முடியாது. கடைசியில் தன் கையையே வாயில் திணித்துக்கொண்டு சப்புவாள். எச்சிலில் ஊறி ஊறி விரல் மேல் தோல் உரிந்து, ரத்தம் கசிய ஆரம்பித்துவிட்டது.

இதைப் பார்த்துவிட்டு மாமாவின் நண்பர் ஒருவர் மஞ்சள் ரப்பர் நிப்பிள் ஒன்று வாங்கி வந்தார். பால் வராது, சும்மா வாயில் வைத்துச் சப்பிக்கொண்டிருப்பதற்கு. வைத்ததும் குழந்தை அமைதியானாள். அப்பாடா என்று நான் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரம்தான். மறுபடி வீறிட்டாள். பார்த்தால் உதடு இரண்டும் வீங்கி, வாயைச் சுற்றி நெருப்பு பட்ட மாதிரி சிவந்திருந்தது. அவளை டவலில் சுற்றிக்கொண்டு ஆட்டோ பிடித்து சேலையூரில் இருக்கும் குழந்தை டாக்டரிடம் ஓடினேன்.

நல்லவேளை, மூச்சுக்கு ஒன்றும் ஆகவில்லை. டாக்டர் மருந்து கொடுத்துவிட்டு, ஒருமணி நேரம் உட்கார வைத்தார். வீக்கம் வடிந்த பிறகு, "இவளுக்கு ரப்பர் சேரலைம்மா. கையைச் சப்பிப் புண்ணாக்கிக்கறதுக்கு நிப்பிள் தேவலாம். ஆனா கண்ணாடி மாதிரி இருக்கிற சிலிக்கான்ல வாங்குங்க" என்றார்.

பக்கத்திலிருந்த கேம்ப் ரோட்டில் மழையோடு கடை கடையாக ஏறினேன். சில கடைகளில் மஞ்சள் ரப்பர் மட்டும்தான் இருந்தது. ஒரு கடையில், "எல்லாம் ஒண்ணுதாம்மா, எல்லாரும் இதான் வாங்கினு போறாங்க" என்றார்கள். கடைசியாக ஒரு ஃபேன்ஸி ஸ்டோரில் சிலிக்கான் இருந்தது. ஆனால் விதவிதமாக இருந்தது. பூ போட்டது, பொம்மை வைத்தது, கலர் கலராக. எதை எடுப்பது என்று தெரியவில்லை. தோளில் குழந்தை அழுதுகொண்டே இருந்தாள். எனக்கும் அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

பக்கத்தில் ஒரு அம்மா நூல்கண்டு வாங்கிக்கொண்டிருந்தார். நாற்பது வயது இருக்கும். கழுத்தில் மெல்லிய செயினில் சின்ன சிலுவை. குழந்தையின் வாயைப் பார்த்துவிட்டு, "கரப்பானா? என் பையனுக்கும் இப்படித்தான் இருந்துச்சு" என்றார். நான் டாக்டர் சொன்னதைச் சொன்னேன். உடனே ஒவ்வொரு நிப்பிளாகக் கையில் எடுத்தார். முகத்தில் படுகிற அந்தத் தட்டைத் தன் கன்னத்தில் வைத்து வைத்துப் பார்த்தார். ஒன்று ஓரம் கூராக இருக்கிறது என்று தள்ளினார். இன்னொன்றில் காற்றே போகாது, எச்சில் தேங்கித் தோல் வெந்துவிடும் என்று திரும்ப வைத்தார். கடைசியில் நிறமில்லாத ஒன்று. ஒட்டு எதுவும் இல்லாமல் ஒரே வார்ப்பு, தட்டில் பெரிய பெரிய ஓட்டை. "இதை எடுத்துக்கோம்மா."

அப்படியே வாயில் வைக்கக் கூடாது, கொதிக்க வைக்க வேண்டும் என்றும் அவரே சொன்னார். பெருங்களத்தூர் வரை இந்த அழுகையோடு எப்படிப் போவது என்று நான் விழித்தேன். "எங்க வீடு அடுத்த தெருதான், வா" என்று குடையைக் குழந்தை பக்கம் சாய்த்துப் பிடித்தபடி நடந்தார்.

அவர் வீட்டு சமையலறையில் நின்றுகொண்டு, வெந்நீரில் அது குதிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஆறியதும் குழந்தையின் உதட்டில் வைத்தேன். ஒரு தரம் துப்பினாள். மறுபடி வைத்தேன். பிடித்துக்கொண்டாள். இத்தனை நாளில் முதல்முறையாக அவள் உடம்பு தளர்ந்து என் தோளில் சாய்ந்தது.

அப்போதுதான் என் செல்போன் அடித்தது. மாமா. "அவ போயிட்டாம்மா" என்றார்.

நான் கத்தவில்லை. கத்தினால் குழந்தை பயந்துவிடும் என்று நினைத்தேனாம். இப்போது யோசித்தால் பைத்தியக்காரத்தனமாக இருக்கிறது. அந்த அம்மா என் முகத்தைப் பார்த்தார். "பாப்பாவை என்கிட்ட குடு" என்றார். அவர் கட்டியிருந்தது நைலக்ஸ் சேலை. குழந்தையின் கன்னத்தில் உறுத்தும் என்று ஒரு பழைய காட்டன் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு வாங்கிக்கொண்டார். கை காலியானதும் நான் அந்தத் தரையில் உட்கார்ந்துவிட்டேன். எவ்வளவு நேரம் அழுதேன் என்று தெரியாது.

எழுந்தபோது வாசலில் ஆட்டோ நின்றது. அவரும் ஏறிக்கொண்டார். ஜி.எஸ்.டி. ரோடு முழுக்கத் தண்ணீர், வண்டிகள் ஊர்ந்தன. வழியெல்லாம் நிப்பிள் நழுவும்போது அவர் குழந்தையின் வாயை மெதுவாக ஒற்றி எடுத்துவிட்டு மறுபடி வைத்தார். ஆஸ்பத்திரியில் நான் உள்ளே போய் அக்காவின் முகத்தைப் பார்த்துவிட்டு, மாமாவைக் கட்டிக்கொண்டு அழுதுவிட்டு வரும்வரை வராந்தாவிலேயே குழந்தையோடு உட்கார்ந்திருந்தார். சொந்தக்காரர்கள் வர ஆரம்பித்த பிறகுதான் அவளை என் கையில் கொடுத்தார். "எச்சிலைத் துடைச்சிட்டே இரு, ஈரம் நிக்கக் கூடாது. தூங்கிட்டா எடுத்துடு" என்று சொல்லிவிட்டு, மழையில் இறங்கிப் போய்விட்டார். பேரைக்கூட நான் கேட்கவில்லை.

காரியமெல்லாம் முடிந்து சில வாரம் கழித்து அந்தத் தெருவுக்குப் போனேன். வீடு பூட்டியிருந்தது. டீச்சரம்மா டிரான்ஸ்ஃபரில் போய்விட்டார்கள் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். எந்த ஊர் என்று அவர்களுக்குத் தெரியவில்லை.

குழந்தை என்னிடமே வளர்கிறாள். இப்போது எல்.கே.ஜி. போகிறாள். தோல் கொஞ்சம் தேறியிருக்கிறது, பனிக்காலத்தில் மட்டும் கன்னம் சிவக்கும். அம்மா எங்கே என்று கேட்க ஆரம்பித்திருக்கிறாள்.

அன்றைக்கு எத்தனையோ பேர் வந்து ஆறுதல் சொன்னார்கள், ஒன்றுகூட ஞாபகத்தில் இல்லை. எந்த வீட்டில் துக்கம் என்று கேட்டுப் போனாலும், அந்த வீட்டுக் கைக்குழந்தை யார் கையில் இருக்கிறது என்றுதான் இப்போது என் கண் முதலில் தேடுகிறது.