ஐந்து நாற்பதுக்கு முன்னும் பின்னும்

அப்பாவின் சட்டையை அலசினால் வாளித் தண்ணீர் செங்கல் நிறத்துக்கு மாறிவிடும். செம்பவாங் கப்பல் பட்டறையில் கப்பலின் வயிற்றுப் பக்கம் கயிற்றுப் பலகையில் தொங்கிக்கொண்டு துருச் சுரண்டுகிற வேலை அவருக்கு. அந்தத் துரு காதுமடலிலும் விரல் இடுக்கிலும் ஏறி, இரும்பை நாக்கில் வைத்தாற்போன்ற ஒரு வாடையோடு தேக்காவிலிருந்த எங்கள் மாடி அறைக்குத் தினமும் வந்து சேரும். ஐம்பதுகளின் கடைசி அது. எனக்குப் பதினொரு வயது, தமிழ்ப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு. அம்மாவுக்கு எட்டாம் மாதம். அதற்கு முன்னால் ஒரு பிள்ளை வயிற்றிலேயே போய்விட்டதால், "இந்தத் தடவை எந்த அதிர்ச்சியும் ஆகாது" என்று ஆஸ்பத்திரி நர்சு கண்டிப்பாகச் சொல்லி அனுப்பியிருந்தார்.

அம்மாவின் பயமெல்லாம் அந்தக் கயிற்றுப் பலகையின்மேல்தான். நாலரைக்குப் பட்டறையில் வேலை முடிகிற "சங்கு" ஊதும். அப்பா பஸ் பிடித்து வர ஒரு மணி நேரத்துக்கு மேலாகும். ஐந்தே காலிலிருந்தே அம்மா மேலே சன்னலில் நிற்பாள். கீழே "அஞ்சடி"யில், அதாவது கடைகளுக்கு முன்னால் ஓடும் அந்த நடைபாதையில், தையல்கார பாயின் கடை வாசலில் நான் உட்கார்ந்திருப்பேன். கடைச் சுவரில் ஒரு பெரிய கடிகாரம் உண்டு. அப்பா தெருமுனையில் தெரிந்ததும் மணியைப் பார்த்து நான் மேலே கத்தவேண்டும், அம்மா அதைக் கேட்டபிறகுதான் உலை வைப்பாள்.

கவலைப்படுவதில் நான் அம்மாவுக்குக் குறைந்தவளில்லை. எவ்வளவு தாமதமானால் பயப்படலாம் என்று எனக்கு ஒரு அளவு தேவைப்பட்டது. வகுப்பில் அப்போதுதான் சராசரி சொல்லிக்கொடுத்திருந்தார்கள். ஒரு பழைய நோட்டில் அப்பா வந்த நேரங்களை எழுத ஆரம்பித்தேன். திங்கள் முதல் வெள்ளி வரை 5.34, 5.44, 5.42, 5.36, 5.44, கூட்டி ஐந்தால் வகுத்தால் சரியாக ஐந்து நாற்பது. கையில் ஒரு கம்பு கிடைத்த மாதிரி இருந்தது.

அடுத்த வாரம் அந்தக் கம்பு ஆடியது. திங்கட்கிழமை அப்பா 5.05-க்கே வந்து நின்றார். "லாரிக்காரன் ஒருத்தன் ஏத்திக்கிட்டு வந்துட்டான்" என்றார். செவ்வாய் 6.20; அன்று அம்மா சன்னல் கம்பியைப் பிடித்தபடியே கீழே உட்கார்ந்துவிட்டாள். பிறகு 5.30, 5.20, 6.05. கணக்குப் போட்டால், இந்த வாரமும் சராசரி அதே ஐந்து நாற்பது. "எப்பவும்போலத்தாம்மா" என்று அம்மாவிடம் சொன்னேன். சொல்லிவிட்டு எனக்கே அது நம்பிக்கையாக இல்லை.

ஒவ்வொரு நாளும் ஐந்து நாற்பதிலிருந்து எவ்வளவு தள்ளியிருக்கிறது என்று பக்கத்தில் எழுதினேன், முந்தி வந்ததற்குக் கழித்தல் குறி, பிந்தி வந்ததற்குக் கூட்டல் குறி போட்டு. கூட்டினால் பூஜ்யம். முதல் வாரத்துக்கும் பூஜ்யம். தப்பாகப் போட்டுவிட்டேன் என்று நாலு தடவை போட்டேன், நாலு தடவையும் பூஜ்யம். சீக்கிரம் வந்த நாள் தாமதமான நாளைத் தின்றுவிடுகிறது. ஆனால் அம்மா சன்னலில் நின்ற நிமிஷங்களை எந்தச் சீக்கிரமும் வந்து தின்னவில்லையே என்று எனக்கு அழுகை வந்தது. ரப்பரை எடுத்து குறிகளையெல்லாம் அழித்தேன். முந்தியோ பிந்தியோ, தள்ளியிருந்தது தள்ளியிருந்ததுதான். இப்போது முதல் வாரம் ஆறு, நாலு, இரண்டு, நாலு, நாலு; கூட்டி ஐந்தால் வகுத்தால் நாலு நிமிஷம். இரண்டாம் வாரம் முப்பத்தைந்து, நாற்பது, பத்து, இருபது, இருபத்தைந்து. வகுத்தால் இருபத்தாறு நிமிஷம்.

நாலு இருபத்தாறானது ஏன் என்று யோசித்தேன். கள்ளுக்கடையோ, சண்டையோ, நெஞ்சுவலியோ என்று என்னென்னவோ ஓடியது. அம்மா குழாயடிக்குப் போன நேரம் பார்த்து நோட்டை அப்பாவிடம் நீட்டினேன்.

"ஏம்பா, போன வாரம் நாலு நிமிஷம், இந்த வாரம் இருபத்தாறு. எங்கப்பா போறீங்க?"

அவர் நோட்டை மூக்குக்கு அருகே கொண்டுபோய், அப்புறம் தள்ளிப் பிடித்து, வெகுநேரம் பார்த்தார்.

"எந்தக் கடியாரத்தப் பாத்து எழுதுன?"

"பாய் கடையில."

"அம்மாகிட்ட சொன்னியா?"

"இல்லப்பா."

"சொல்லாத பாப்பா" என்றார்.

மூன்றாம் வாரம் திங்கட்கிழமை 5.40. செவ்வாயும் 5.40. துள்ளிக் குதித்தேன். புதன்கிழமை அப்படியொரு மழை, சிராங்கூன் ரோட்டில் முழங்கால் தண்ணீர், பஸ்களெல்லாம் நின்றுபோயின, அப்பா 5.40. வியாழன் 5.40. தள்ளியிருந்த அளவு, அந்த விலக்கம், சுத்தமாகப் பூஜ்யம். இருபத்தாறைக் கண்டபோதுகூட எனக்கு அவ்வளவு பயம் வரவில்லை. எந்த பஸ் இப்படி வரும்?

வெள்ளிக்கிழமை ஐந்தரைக்கு, பென்சில் சீவக் கத்தி கேட்கலாம் என்று பாயைத் தேடிக் கடைக்குள் போனேன். பின்கதவு திறந்திருந்தது. பின்சந்தில் ஒரு மரப்பெட்டியின்மேல் அப்பா உட்கார்ந்திருந்தார், மடியில் சாப்பாட்டுத் தூக்கு. பாய் நிலைப்படியில் நின்று நூல் கோத்துக்கொண்டிருந்தார்.

"ஆச்சா பாய்?"

"இன்னும் எட்டு நிமிஷம் இருக்கு லா. செம்பவாங்லேர்ந்து பறந்தா வரப்போறீங்க? உக்காருங்கண்ணே."

"நேத்து நீங்க இன்னும் கொஞ்சம் லேட்டா சொல்லியிருந்தா நான் ஓட வேண்டியதா இருந்திருக்கும்."

"நீங்க ஓடுனா சாக்கடையிலதான் விழுவீங்க. பகல்லயே என் மூஞ்சி தெரியல உங்களுக்கு." பாய் சிரித்துவிட்டுக் குரலை இறக்கினார். "வீட்ல தங்கச்சிகிட்ட எப்ப சொல்றது?"

"புள்ள பொறக்கட்டும். கண்ணு போச்சுன்னு பட்டறை மண்டோர் வேலைய விட்டே அனுப்பிட்டான்னு இப்ப எப்படிச் சொல்லுவேன்? நல்ல பெயின்ட்டயெல்லாம் சொரண்டி வச்சிருக்கேன், அவனும் என்ன பண்ணுவான்."

சத்தமில்லாமல் திரும்பி வாசலுக்கு வந்து உட்கார்ந்தேன். அந்த இருபத்தாறு நிமிஷம் அப்போதுதான் புரிந்தது. ஊதச் சங்கு இல்லாத மனிதர், கண் மங்கியவர், ஊரெல்லாம் சுற்றிவிட்டு வெயிலின் சாய்வைப் பார்த்து, இதுதான் ஐந்து நாற்பதாக இருக்கும் என்று உத்தேசமாக வீடு திரும்பியிருக்கிறார். என் நோட்டைப் பார்த்தபிறகுதான் அவருக்குக் கடிகாரம் தேவைப்பட்டது.

தெருமுனையில் அப்பா தெரிந்தார். கடிகாரத்தில் 5.40. மேலிருந்து அம்மா, "எத்தன மணிடி?" என்றாள். நாலு நாளாக ஒரே மணியைச் சொல்லியிருக்கிறேன். ஐந்தாவது நாளும் சொன்னால் அவளும் யோசிப்பாள். "அஞ்சு நாப்பத்தஞ்சு" என்று கத்தினேன். கிட்டே வந்த அப்பா என்னை ஒரு கணம் பார்த்தார், பிறகு மேலே அண்ணாந்தார். "ஆமா, பஸ்ஸு லேட்டு" என்றார்.

அதற்குப்பிறகு மூன்று வாரம் மணிகளை நானே செய்து கத்தினேன், நோட்டிலும் எழுதினேன். 5.36, 5.43, 5.38 என்று, ஒரு நாள் முந்த, ஒரு நாள் பிந்த, முதல் வாரத்தைப் போலவே விலக்கம் நாலு நிமிஷம் வரும்படி. பள்ளியில் வேறு எந்தக் கணக்கும் மண்டையில் ஏறவில்லை. அந்த மூன்று வாரம் முடிகையில் தம்பி பிறந்தான், மூச்சோடு. அந்த வருஷத்தோடு என் படிப்பு நின்றது. அதே பாய் கடையில் பித்தான் தைக்க உட்கார்ந்தேன். அப்பாவின் கண் திரும்பவில்லை.

அப்பா போனபிறகு ஒரு நாள், தான் கிடந்த படுக்கையிலிருந்தே அம்மா சொன்னாள்: "லாரியில வந்தேன்னாரே, அந்தத் திங்கக்கிழமையே தெரியும்டி. சட்டைய அலசுனேன், தண்ணி செவக்கல."

"ஏம்மா கேக்கல?"

"கேட்டா அந்த மனுசன் வீட்டுக்கே வராமப் போயிட்டா?"

இப்போது புக்கிட் பாஞ்சாங்கில் பதினோராம் மாடி. அந்தப் பின்சந்து இல்லை, கடை இல்லை, கடிகாரம் யார் வீட்டுக்குப் போனதோ தெரியாது. "ரயில் ஏறிட்டேன்" என்று மகன் தினமும் போனில் செய்தி அனுப்புகிறான். அவன் வரும் நேரம் பத்து நாளாக ஒரு நிமிஷம்கூட மாறவில்லை என்றால், அவன் குளிக்கப் போன நேரத்தில் சட்டையை எடுத்து முகர்ந்து பார்க்கிறேன். நோட்டு மட்டும் இருக்கிறது. கடைசி மூன்று வாரப் பக்கங்களில் ஒரு மணிகூட உண்மையில்லை. சராசரி ஐந்து நாற்பது, விலக்கம் நாலு நிமிஷம்; யார் போட்டுப் பார்த்தாலும், அப்பா வேலைக்குப் போய் வந்திருக்கிறார்.