திரைக்கு அப்பாலிருந்து வந்த குரல்

அறுவை அரங்கில் அந்த நர்ஸை எல்லோரும் 'தட்டக்கா' என்றுதான் கூப்பிடுவார்கள். கத்தியோ ஊசியோ கைக்குக் கை போகக் கூடாது. ஒருவர் தட்டில் வைக்க வேண்டும், மற்றவர் தட்டிலிருந்து எடுக்க வேண்டும். இதில் அவள் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை. டாக்டரே மறந்துபோய்க் கை நீட்டினால், "தட்டு உங்களை முறைக்குது சார்" என்பாள்.

அன்று குடலிறக்கத்தோடு ஒரு தச்சரை அவசரமாகக் கொண்டுவந்தார்கள். ரத்தப் பரிசோதனை முடிவுக்குக் காத்திருக்க நேரமில்லை. இடுப்புக்குக் கீழே மட்டும் மரத்துப்போக ஊசி போட்டிருந்ததால், மார்புக்கு மேலே கட்டிய துணித்திரைக்கு அப்பால் அவர் விழித்தபடியே கிடந்தார்.

தையலின்போது டாக்டர் ஊசியைத் திருப்பி வைக்கப்போன தட்டு சரிந்தது. ஒரு கையால் அதைப் பிடித்தவள், பதற்றத்தில் அந்த ஊசியை வாங்க மறு கையை டாக்டரிடம் நீட்டிவிட்டாள். ஊசி, ஒன்றின் மேல் ஒன்றாக அவள் போட்டிருந்த இரண்டு கையுறைகளையும் துளைத்து விரலில் ஏறியது.

"போச்சு!"

"உனக்கேவா?" என்ற டாக்டரின் குரல் உடனே மாறியது. "போய்க் கழுவும்மா. ஓடு."

திரைக்கு அப்பாலிருந்து தச்சர் பேசினார். "அந்தம்மாவுக்குக் குத்திடுச்சா சார்?"

"ஒண்ணுமில்ல, நீங்க பேசாம படுங்க."

"இல்ல சார். எனக்கு எச்.ஐ.வி. இருக்கு. சொன்னா, போன ஆஸ்பத்திரி மாதிரி நீங்களும் வெளிய அனுப்பிடுவீங்கன்னு மறைச்சிட்டேன். சீக்கிரம் மாத்திரை போடச் சொல்லுங்க சார்."

அடிவயிறு திறந்து கிடக்கும்போது ஒரு மனிதன் அதைச் சொன்னான். பரிசோதனை முடிவு மறுநாள்தான் வந்தது. தொற்றைத் தடுக்கும் முதல் மாத்திரையோ அந்த மணி நேரத்துக்குள்ளேயே அவளுக்குள் போய்விட்டது.

வீட்டில் கணவர் கொதித்தார். "மறைச்ச ஆளைச் சும்மா விடக் கூடாது!"

"அவர் சும்மா இருந்திருந்தா என் கதி என்னங்க?" என்றாள்.

தையல் பிரிக்க வந்த தச்சர் அவள் முகத்தைப் பார்க்கக் கூசினார். தலையைக் குனிந்தபடியே கேட்டார்: "குமட்டுதாம்மா?"

"குடலே வெளிய வருதுண்ணே."

"வெறும் வயித்துல போடாதீங்க. போட்டதும் படுத்துடுங்க. எனக்கும் இப்படித்தான் இருந்துச்சு, போகப் போகப் பழகிடும்."

"சீனியர் சொன்னா கேட்டுத்தானே ஆகணும்" என்றாள். தச்சர் சிரித்த சிரிப்பில் தையல் வலித்தது.

மாதங்கள் கழித்து, அவளுடைய கடைசி ரத்தப் பரிசோதனையின் முடிவு வந்தது. படித்தவுடன் அவள் தச்சரைத்தான் போனில் கூப்பிட்டாள். மறுமுனையில் மரம் அறுக்கும் இயந்திரம் நின்றது.

"ஒண்ணும் இல்லையாம்ண்ணே. சுத்தமா இருக்கேன்."

"அப்பாடா, பிழைச்சேன்!"

"பிழைச்சது நான்ண்ணே. உங்க வாயால பிழைச்சேன்."

மறுமுனையில் அவர் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. அது அடங்கும்வரை காத்திருந்துவிட்டு, பிறகுதான் கணவரைக் கூப்பிட்டாள்.